காலாவதியான இணையப் பெயர்: ஏலத்தில் கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிம்பாங் அம்பாட் – தைப்பூசத்திற்கு இன்னும் இரண்டு வாரம். நன்கொடை விவரம் பார்ப்பதற்காக ஆலயத்தின் அகப்பக்கத்தைத் திறக்கிறார் ஒருவர். முருகன் படம் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் சுழல்கிறது. அடுத்த நிமிடமே அந்தப் படம் புலனக் குழுக்களில் பறக்கிறது. "யாரோ ஊடுருவிவிட்டார்கள்" என்கிறார் ஒருவர். "போலீஸ் புகார் செய்வோம்" என்கிறார் இன்னொருவர்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் ஆலயம், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், இளைஞர் மன்றம், சிறு வியாபாரம் என்று யாருக்கும் இது நடக்கலாம். பல நேரங்களில் இதில் ஊடுருவலே இருக்காது. இணையப் பெயருக்கான ஆண்டுக் கட்டணம் கட்டப்படவில்லை, பெயர் காலாவதியானது, வேறொருவர் அதை முறைப்படி வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

இழந்த பெயரைத் திரும்ப வாங்க நினைப்பவர்களும், பிறர் கைவிட்ட நல்ல பெயர் ஒன்றைத் தம் தொழிலுக்கு எடுக்க நினைப்பவர்களும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். அது காலாவதியான பெயர்களுக்கான இணைய ஏலம். அந்த ஏலம் எப்படி நடக்கிறது, எங்கே பணம் வீணாகிறது, எந்தக் கட்டத்தில் ஏலமே தேவைப்படாமல் போகும் என்பதை இங்கே பார்ப்போம்.

சொந்த நிலமல்ல, குத்தகை நிலம்

வீடு வாங்கும்போது அது நிரந்தர உரிமை நிலமா, 99 ஆண்டுக் குத்தகை நிலமா என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். டொமேன் என்று சொல்லப்படும் இணையப் பெயரில் நிரந்தர உரிமை என்ற வகையே கிடையாது. எல்லாமே குத்தகைதான். டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குப் பதியலாம். தவணை முடியும்போது புதுப்பித்துக்கொண்டே இருந்தால் பெயர் நம்மிடம் இருக்கும். புதுப்பிக்காவிட்டால் போய்விடும்.

இதில் மூன்று தரப்பு உண்டு. டாட் காம் முழுவதையும் நிர்வகிக்கும் பதிவகம் அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம். நமக்குப் பெயரை விற்பவை கோடேடி, நேம்சீப் போன்ற பதிவு நிறுவனங்கள். இவர்கள் அனைவருக்கும் பொது விதிகளை வகுப்பது 1998இல் தொடங்கப்பட்ட ஐகான் அமைப்பு. 2024 செப்டம்பரில் ஒரு டாட் காம் பெயருக்கு வெரிசைன் வாங்கிய மொத்த விலை ஆண்டுக்கு 10.26 அமெரிக்க டாலராக இருந்தது. பதிவு நிறுவனம் அதன்மேல் தன் லாபத்தை வைத்து நமக்கு விற்கிறது.

ஆண்டுக்கு இவ்வளவு சிறிய தொகையைக் கட்ட மறந்ததால்தான் பலர் பின்னர் நூற்றுக்கணக்கில் டாலர் வைத்து ஏலம் கேட்கும் நிலைக்கு வருகிறார்கள்.

காலாவதிக்குப் பின் நான்கு கட்டங்கள்

சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. காலாவதியான ஒரு டாட் காம் பெயரும் பொதுவாக நான்கு கட்டங்களைக் கடந்துதான் முழுமையாக விடுபடுகிறது. பெயர் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமல் பணத்தோடு இறங்குவதுதான் முதல் தவறு.

முதல் கட்டம், சலுகைக் காலம். காலாவதித் தேதிக்குப் பிறகு 45 நாள் வரை பெயர் பழைய பதிவு நிறுவனத்திடமே இருக்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் தொடக்க நாள்களில் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுகின்றன. ஆனால் அகப்பக்கமும் அந்தப் பெயரில் இயங்கும் மின்னஞ்சலும் இந்தக் காலத்திலேயே நின்றுபோகலாம். அதைத்தான் பலர் "சர்வர் கோளாறு" என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் கட்டம், பதிவு நிறுவனத்தின் ஏலம். இதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. பெயர் இன்னும் அழிக்கப்படவில்லை, பழைய உரிமையாளருக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. ஆனாலும் பதிவு நிறுவனம் அதை ஏலத்தில் வைத்துவிடும். உதாரணமாக, கோடேடியில் காலாவதியாகி ஏறக்குறைய 25 நாள் கழித்துப் பெயர் ஏலத்துக்கு வரும். ஏலம் சுமார் பத்து நாள் நடக்கும். யாரும் கேட்காவிட்டால் நாளுக்கு நாள் விலை இறங்கும் கழிவு விற்பனைக்குப் போகும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நாள்கணக்கு வேறு. அதை அந்தந்த நிறுவனத்தின் விதிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கட்டம், மீட்புக் காலம். ஏலத்திலும் போகாத பெயரைப் பதிவு நிறுவனம் கைவிடும்போது இது தொடங்கும். 30 நாள் நீடிக்கும். இந்த 30 நாளில் பழைய உரிமையாளர் மட்டுமே மீட்க முடியும், வெளியாருக்கு வழியில்லை. ஆனால் புதுப்பிப்புக் கட்டணத்தோடு அபராதம் போன்ற ஒரு தொகையும் சேரும். அது பல நிறுவனங்களில் 80 டாலர் அளவில் இருக்கிறது.

நான்காம் கட்டம், அழிப்புக்குக் காத்திருக்கும் 5 நாள். இதில் உரிமையாளர் உட்பட யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஐந்து நாள் முடிந்ததும் பெயர் விடுபடும். முதலில் பதிபவருக்கே அது சொந்தம்.

எல்லாக் கட்டங்களையும் கடந்தால் காலாவதித் தேதியிலிருந்து ஏறக்குறைய 80 நாள் வரை ஆகும். ஆனால் ஓரளவு நல்ல பெயர்கள் பெரும்பாலும் மூன்றாம் கட்டத்தைக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டாம் கட்டத்திலேயே கைமாறிவிடும். "இன்னும் அழிக்கப்படவில்லையே, காத்திருப்போம்" என்று இருப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

பெயரின் நிலையை அறிய ஐகானின் இலவசத் தேடல் பக்கம் இருக்கிறது. முன்பு ஹூஇஸ் என்ற பழைய முறை இருந்தது. 2025 ஜனவரி 28 முதல் டாட் காம் போன்ற பெயர்களுக்கு ஆர்டாப் என்ற புதிய முறை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. பெயரைத் தட்டினால் காலாவதித் தேதி, பதிவு நிறுவனம், நிலை மூன்றும் தெரியும். 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்றிருந்தால் மூன்றாம் கட்டம். 'பெண்டிங் டெலீட்' என்றிருந்தால் நான்காம் கட்டம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலாவதியான அன்றே பதிவகம் தானாக ஓராண்டைக் கூட்டிக் காட்டுவதால், சலுகைக் காலத்தில் இருக்கும் பெயருக்கு அடுத்த ஆண்டுத் தேதி தெரியலாம். அதைப் பார்த்து "யாரோ புதுப்பித்துவிட்டார்கள்" என்று நிம்மதியாகிவிடக் கூடாது.

ஏலம் நடக்கும் விதம்

வாகனப் பதிவு எண்ணுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஜேபிஜே இபிட் தளத்தில் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இணைய ஏலம் புதிதல்ல. கணக்குத் தொடங்க வேண்டும், விலை கேட்க வேண்டும், நேரம் முடியும்போது மேலே இருப்பவருக்குப் பொருள் போகும். இணையப் பெயர் ஏலத்திலும் அடிப்படை இதுதான். ஆனால் மூன்று நுணுக்கங்கள் உண்டு.

ஒன்று, உச்ச விலை முறை. நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் அதிகபட்சத் தொகையை எழுதிவைத்தால், தளமே உங்களுக்காகச் சிறிது சிறிதாகக் கேட்கும். நீங்கள் 300 டாலர் எழுதிவைத்து, அடுத்தவர் 180 டாலரோடு நின்றுவிட்டால், நீங்கள் கட்டுவது 180க்குச் சற்று மேல்தான், 300 அல்ல. அதாவது விலையைத் தீர்மானிப்பது உங்கள் ஆசை அல்ல, உங்களுக்கு அடுத்தபடியாக ஆசைப்படுபவரின் ஆசை. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

இரண்டு, கடைசி நிமிட நீட்டிப்பு. முடிய ஒரு விநாடி இருக்கும்போது கேட்டு வெல்லலாம் என்ற கணக்கு பெரும்பாலான தளங்களில் பலிக்காது. கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் நேரம் மேலும் ஐந்து நிமிடம் நீளும். இரண்டு பிடிவாதக்காரர்கள் மோதினால் ஏலம் மணிக்கணக்கில் ஓடும். அமெரிக்க நேரத்தில் முடியும் ஏலங்கள் நமக்கு நடுநிசியிலோ விடியற்காலையிலோ வரும். தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் முடிவுக்கு விலை அதிகம்.

மூன்று, வென்றாலும் வென்றதாகாது. காலாவதிப் பெயர் ஏலத்தில் நீங்கள் வென்ற பிறகும், பெயர் உங்கள் கணக்குக்கு மாறும் முன் பழைய உரிமையாளர் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்படி நடந்தால் உங்கள் பணம் திரும்பிவரும், பெயர் வராது. எனவே ஏலம் முடிந்த அன்றே பெயர்ப்பலகை அடிக்கவும், அழைப்பிதழ் அச்சிடவும் கொடுக்கக் கூடாது. பெயர் உங்கள் கணக்கில் தெரிந்த பிறகுதான் அது உங்களுடையது.

இன்னொன்றும் உண்டு. சில தளங்களில் ஏலம் தொடங்கும் முன்பே 'பேக்ஆர்டர்' என்ற முன்பதிவு செய்தவர்கள் மட்டும்தான் ஏலத்தில் கலந்துகொள்ள முடியும். கடைசி நாளில் போய் நின்றால் வேடிக்கைதான் பார்க்கலாம்.

அதிகாலை இரண்டு மணிப் போட்டி

நான்காம் கட்டமும் முடிந்து பெயர் விடுபடும் வேளையில், "நானே கணினி முன் உட்கார்ந்து பதிந்துவிடுவேன்" என்று சிலர் நினைப்பதுண்டு. டாட் காம் பெயர்கள் விடுபடத் தொடங்குவது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரப்படி பிற்பகல் இரண்டு மணி வாக்கில். நமக்கு அது அதிகாலை இரண்டு மணி, அங்கே குளிர்காலமென்றால் மூன்று மணி.

கண்விழித்திருந்தாலும் பயனில்லை. டிராப்கேட்ச், ஸ்னாப்நேம்ஸ், நேம்ஜெட் போன்ற சேவைகள் இதையே தொழிலாகச் செய்கின்றன. பதிவகத்தோடு ஒரே நேரத்தில் அதிக இணைப்புகள் வேண்டும் என்பதற்காகவே நூற்றுக்கணக்கான பதிவு நிறுவன உரிமங்களை வாங்கி வைத்திருப்பவர்களும் உண்டு. பெயர் விடுபட்ட விநாடிக்குள் அவர்களின் கணினி அதைப் பிடித்துவிடும். விரல் போட்டி போட முடியாது.

ஆகவே அந்தக் கட்டத்தில் ஆசையுள்ளவர் செய்யக்கூடியது இரண்டு மூன்று சேவைகளில் முன்பதிவு செய்துவைப்பதுதான். டிராப்கேட்ச் போன்றவற்றில் பெயர் கிடைத்தால் மட்டும் பணம் கட்டினால் போதும். ஒரே பெயருக்குப் பலர் முன்பதிவு செய்திருந்தால் அங்கேயும் ஏலம் வரும். யாருக்குமே வேண்டாத பெயர் என்றால் மட்டும், எந்தச் சேவையும் இல்லாமல் மறுநாள் காலையில் சாதாரண விலைக்கே வாங்கிக்கொள்ளலாம்.

பெயரின் பழைய வாழ்க்கையைப் பாருங்கள்

பழைய கார் வாங்கும்போது மீட்டரை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. விபத்தில் அடிபட்டதா, வெள்ளத்தில் மூழ்கியதா என்று விசாரிக்கிறோம். பழைய பெயருக்கும் அந்த விசாரணை வேண்டும்.

இண்டர்நெட் ஆர்கைவ் அமைப்பின் வேபேக் மெஷின் தளத்தில் பெயரைத் தட்டினால், அந்த முகவரியில் முன்பு என்னென்ன இருந்தன என்பதற்கான பழைய படிவங்கள் கிடைக்கும். ஐந்து ஆண்டு சங்கப் பக்கம், பிறகு ஓராண்டு சூதாட்டப் பக்கம் என்றிருந்தால் அது கறைபட்ட பெயர். சூதாட்டத்துக்குப் பயன்பட்ட பெயரை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உள்நாட்டில் முடக்கியிருக்கவும் கூடும். குப்பை அஞ்சல் அனுப்பப் பயன்பட்டிருந்தால் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் ஏறியிருக்கலாம். அப்படியானால் நீங்கள் அனுப்பும் அழைப்பிதழ் மின்னஞ்சலும் பெறுபவரின் குப்பைப் பெட்டியில் போய் விழும்.

"பழைய பெயரை வாங்கினால் கூகுள் தேடலில் தானாக மேலே வரலாம்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. தேடலை ஏமாற்றுவதற்காகவே காலாவதிப் பெயரை வாங்கித் தரமற்ற உள்ளடக்கம் போடுவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் குப்பைத் தடை விதிகளில் சேர்த்துவிட்டது. அந்த ஆசையில் பணம் போட வேண்டாம்.

மற்றொன்று, ஏலத்தில் கிடைப்பது பெயர் மட்டும்தான். பழைய அகப்பக்கத்தின் படங்கள், கட்டுரைகள், உறுப்பினர் பட்டியல், மின்னஞ்சல்கள் எதுவும் கூட வராது. பத்தாண்டுக் கும்பாபிஷேகப் படங்கள் போயிருந்தால் பெயரை மீட்டாலும் அவை மீளா. வேபேக் மெஷினில் சில கிடைக்கலாம். அதையும் இன்றே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

பெரியவர்களும் கோட்டைவிட்டிருக்கிறார்கள்

இது சிறிய சங்கங்களின் கவனக்குறைவு மட்டுமல்ல. 1999 கிறிஸ்மஸ் சமயத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனமே பாஸ்போர்ட் டாட் காம் என்ற தன் பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயில் பயனர்கள் உள்ளே நுழைய உதவிய பெயர் அது. பலரால் மின்னஞ்சலைத் திறக்க முடியவில்லை. கடைசியில் மைக்கேல் சேனி என்ற அமெரிக்க நிரலாளர் தம் கடன் அட்டையில் 35 டாலர் கட்டி அந்தப் பெயரைப் புதுப்பித்தார். சேவை திரும்பியது. மைக்ரோசாப்ட் நன்றியாக 500 டாலர் காசோலை அனுப்பியது. அவர் நல்லவராக இருந்ததால் கதை அத்தோடு முடிந்தது.

எல்லாக் கதையும் அப்படி முடியாது. காலாவதிப் பெயரை வாங்குபவருக்கு அந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சலும் வந்துசேரும். அந்த மின்னஞ்சலைக் கொண்டு திறந்த மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் அவர் மாற்றிக்கொள்ள முடியும். 2018இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், இணைப்பினால் பெயர் மாறிய சட்ட நிறுவனங்கள் கைவிட்ட பழைய பெயர்களை வாங்கிப் பார்த்தார். அந்த நிறுவனங்களுக்கு வர வேண்டிய இரகசியக் கடிதங்கள் அவருக்கு வந்து குவிந்தன. 2022 மே மாதத்தில் சிடிஎக்ஸ் என்ற பைத்தன் நிரல்தொகுப்பு களவாடப்பட்டதும் இதே வழியில்தான். அதை எழுதியவரின் மின்னஞ்சல் இருந்த பெயர் காலாவதியானது, களவாணி அதை வாங்கிக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டான்.

2024இல் வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 20 டாலருக்கு ஒரு காலாவதிப் பெயரை வாங்கினார்கள். டாட் மோபி பதிவகம் முன்பு பயன்படுத்திக் கைவிட்ட முகவரி அது. உலகெங்கும் 1,35,000க்கும் மேற்பட்ட கணினி அமைப்புகள் இன்னும் அந்தப் பழைய முகவரியையே நம்பித் தகவல் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியவந்தது.

நம் சங்கத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? சங்கத்தின் முகநூல் பக்கம், வங்கி அறிவிப்பு, உறுப்பினர் சந்தா கணக்கு எல்லாம் சங்கப் பெயரிலான மின்னஞ்சலில் பதிந்திருந்தால், பெயரை இழக்கும் நாளில் அவற்றின் சாவியும் சேர்ந்தே போகிறது. ஏலத்தில் தோற்றால் பெயரைப் பற்றி வருந்துவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்தக் கணக்குகளின் மின்னஞ்சலை மாற்றுவதுதான்.

"எங்கள் பெயர்தானே, சட்டம் கேட்காதா?"

கேட்கும், ஆனால் எல்லாருக்கும் அல்ல. டாட் காம் போன்ற பெயர்களுக்கு 1999இல் ஐகான் கொண்டுவந்த பொதுத் தகராறுத் தீர்வு முறை இருக்கிறது. புகார் கொடுப்பவர் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: அந்தப் பெயர் தம் வணிகச் சின்னத்தோடு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, அவர் கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் தனி நடுவர் விசாரணைக்கு, ஐந்து பெயர் வரை, கட்டணம் 1,500 டாலர்.

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு புகழ்பெற்ற வழக்கு இதில் வழிகாட்டி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 'சிஃபி' என்ற பெயரில் 1999இல் இணையப் பெயர்களைப் பதிந்தது. பின்னர் வேறொரு நிறுவனம் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து அதேபோல் ஒலிக்கும் பெயரைப் பதிந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தோற்ற சத்யம் இன்ஃபோவே, 2004இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் வென்றது. இணையப் பெயரும் வணிகச் சின்னத்தைப் போலவே பாதுகாப்புக்கு உரியது என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

ஆனால் அங்கே சிஃபி என்பது அந்த நிறுவனமே உருவாக்கிய சொல். சிம்பாங் அம்பாட் என்ற ஊர்ப்பெயருக்கோ, முருகன், மாரியம்மன், பாரதி, வள்ளுவர் போன்ற பொதுப்பெயருக்கோ ஒரு சங்கம் தனியுரிமை கேட்பது கடினம். மலாக்காவிலும் ஒரு சிம்பாங் அம்பாட் உண்டு. பெர்லிஸில் ஒரு சிம்பாங் எம்பாட் உண்டு. அவர்களும் அதே பெயரை நியாயமாகவே கேட்கலாம். அப்படிப்பட்ட பெயர் கைமாறிவிட்டால் வழக்கைவிட ஏலமே மலிவு, ஏலத்தைவிட வேறு பெயரே மலிவு.

நமது டாட் மை பெயர்களின் நிலை வேறு. அவற்றை நிர்வகிப்பது மைநிக். ஐகானின் மேற்கண்ட நாள்கணக்குகள் இவற்றுக்குப் பொருந்தா, மைநிக்கின் சொந்த விதிகள்தாம் செல்லும். டாட் காம் டாட் மை பெயருக்கு வணிகப் பதிவும், டாட் ஓஆர்ஜி டாட் மை பெயருக்கு இயக்கப் பதிவும் காட்ட வேண்டும். இதனால் எங்கோ இருக்கும் பெயர் வியாபாரி எளிதில் பிடித்துவிட முடியாது. தகராறு வந்தால் கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையத்திடம் போகலாம். பதிவுபெற்ற ஆலயமும் சங்கமும் தங்கள் முதன்மைப் பெயரை டாட் மை வகையில் வைத்துக்கொள்வதில் உள்ள பெரிய நன்மை இது.

எதுவரை கேட்கலாம்?

ஆலயத் திருவிழா முடிவில் அம்மன் சேலைக்கும் பூசைப் பழத்துக்கும் ஏலம் நடப்பதைப் பார்த்திருக்கிறோம். பத்து வெள்ளிப் பொருள் ஐந்நூறு வெள்ளிக்குப் போகும். அங்கே கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் ஆலயத்துக்குப் போகிறது, கொடுப்பவருக்கும் மனநிறைவு. இணையப் பெயர் ஏலத்தில் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஏலம் நடத்தும் நிறுவனத்துக்குப் போகிறது. அந்த வேகத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

எனவே ஏலத்துக்கு முன்பே இரண்டு கணக்குப் போடுங்கள். இந்தப் பெயர் கிடைக்காவிட்டால் புதுப் பெயருக்கு மாற என்ன செலவாகும்? பெயர்ப்பலகை, கடிதத்தாள், அட்டைகள், உறுப்பினர்களுக்கு அறிவிப்பு எல்லாம் சேர்த்து ஒரு தொகை வரும். இழந்த பெயரை மீட்பவருக்கு அதுதான் நியாயமான உச்சவரம்பு. புதிதாக வாங்குபவருக்கு அந்தச் செலவே இல்லை என்பதால் வரம்பு அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். இரண்டாவது, ஏலத் தொகையோடு ஓராண்டுப் பதிவுக் கட்டணமும், வங்கியின் நாணய மாற்றுச் செலவும் சேரும். வரம்பைத் தாளில் எழுதி, செயற்குழுவில் ஒப்புதல் வாங்கி, அந்தத் தொகையை உச்ச விலையாக ஒரே தடவையில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

சங்கத்துக்காக ஏலம் கேட்பவர் ஒருவராக மட்டும் இருக்கட்டும். நல்லெண்ணத்தில் தலைவர் ஒரு கணக்கிலும் முன்னாள் செயலாளர் ஒரு கணக்கிலும் கேட்டால், இருவரும் ஒருவரையொருவர் விலை ஏற்றிவிடுவார்கள். ஏலத் தளத்தில் எதிராளி யாரென்று தெரியாது. "இந்தப் பெயரை எப்படியும் எடுத்தே தீருவோம்" என்று முகநூலில் எழுதுவதும் வேண்டாம். படிப்பவர்களில் பெயர் வியாபாரியும் இருக்கலாம்.

தோற்றால் வழி அடைபட்டுப் போவதில்லை. நம் மொழிப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத ஒன்றுக்கு மேற்பட்ட வழி எப்போதும் உண்டு. கோயில், கோவில், ஆலயம் என்று மாற்றலாம், தமிழ் என்பதையே நான்கு விதமாக எழுதுகிறோம். டாட் காம் பெயரைத் தமிழ் எழுத்திலேயே பதியவும் முடியும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று பின்னொட்டே தமிழில் இருக்கும் காலம் இது. தமிழெழுத்துப் பெயரில் மின்னஞ்சல் எல்லா இடத்திலும் சரியாக வேலை செய்யாது என்பதால் அதைத் துணைப் பெயராக வைத்துக்கொள்வது நல்லது.

ஏமாற்று வேலைகள்

பெயர் காலாவதியாகும் நேரத்தில் மோசடிக்காரர்களும் மோப்பம் பிடிப்பார்கள். உங்கள் பதிவு நிறுவனம் அல்லாத யாரோ அனுப்பும் 'புதுப்பிப்புக் கட்டண ரசீது' ஒரு வகை. "உங்கள் பெயரை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பதியப் போகிறது, உடனே பணம் கட்டினால் தடுப்போம்" என்ற மின்னஞ்சல் இன்னொரு வகை. "பெயரை நான் மீட்டுத் தருகிறேன், முன்பணம் மட்டும் என் சொந்தக் கணக்கில் போடுங்கள்" என்பது மூன்றாவது.

மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொடாமல், நீங்களே பதிவு நிறுவனத்தின் தளத்துக்குப் போய்க் கணக்கில் நுழைந்து பாருங்கள். தனியார் கணக்கு எண் கொடுத்தால் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் சரிபாருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

ஏலத்துக்கே போகாமல் இருக்க

காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், காலாவதியான ஐந்து நாளுக்குள்ளும் பதிவு நிறுவனம் உரிமையாளருக்கு நினைவூட்ட வேண்டும் என்பது ஐகானின் விதி. நினைவூட்டல்கள் வரத்தான் செய்கின்றன. ஆனால் அவை போய்ச் சேருவது எட்டு ஆண்டுக்கு முன் அகப்பக்கத்தைச் செய்துகொடுத்த தம்பியின் பழைய மின்னஞ்சலுக்கு. அவர் இப்போது ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்வார். அவர்மேல் குற்றமில்லை. இலவசமாகச் செய்துகொடுத்தவர் அவர். கைமாற்றி வாங்கிக்கொள்ளாதது நாம்.

ஒவ்வோர் இயக்கமும் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் இதைச் செய்யலாம்:

• பெயர் எந்த நிறுவனத்தில், யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

• தனிநபர் பெயரில் இருந்தால் இயக்கத்தின் பெயருக்கு மாற்றுங்கள். தொடர்பு மின்னஞ்சல், அதே இணையப் பெயரில் இயங்கும் மின்னஞ்சலாக இருக்கக் கூடாது. பெயர் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

• ஐந்து அல்லது பத்து ஆண்டுக்கு முன்கூட்டியே கட்டிவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை மட்டும் நம்பினால் போதாது. வங்கி அட்டை மாறினால் அதுவும் நின்றுபோகும்.

• காலாவதித் தேதியைச் சொத்துப் பட்டியலில் எழுதுங்கள். மண்டபம், வேன், ஒலிபெருக்கி வரிசையில் இணையப் பெயரும் ஒரு சொத்து. செயலாளர் மாறும்போது கோப்போடு கடவுச்சொல்லும் கைமாற வேண்டும்.

• இப்போதே காலாவதியாகியிருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் பதிவு நிறுவனத்தை அழையுங்கள். முதல் கட்டத்தில் இருந்தால் வழக்கமான கட்டணத்தோடே முடிந்துவிடக்கூடும். ஒவ்வொரு கட்டம் கடக்கும்போதும் விலை ஏறும். இரண்டாம் கட்டத்திலிருந்து அது உங்கள் கையிலும் இல்லை, முகம் தெரியாத இன்னொருவரின் ஆசையில் இருக்கிறது.